பத்தொன்பதாம் பக்கத்துச் சீன நாவிதன்

1.

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இந்தக் கதை ஒரு கதிரைக்குக் கீழே கிடந்தது.

யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச்சனம் வீடு மாறும். பழைய மெத்தை, உடைந்த விளக்கு, ஒற்றைக் கால் ஆடும் மேசை எல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். ஆனந்தராசா செயின்ட்-மிஷேலில் தன் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் கிடந்த கதிரை ஒன்றைத் தூக்கினார். கீழே பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று. அட்டை இல்லை, நடுவில் சில தாள்களும் இல்லை. சீனாவின் கடைசிப் பேரரசுக் காலத்துப் போர்கள், கிளர்ச்சிகள், கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் பற்றியது. கதிரை வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் உடைந்தது. புத்தகம் நின்றுபிடித்தது.

ஆனந்தராசா யாரென்று சொல்லவில்லையே. இதை எழுதுகிறவர் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு. கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிறார். உப்பில்லாத தட்டு, சீனியில்லாத தட்டு, பல்லில்லாதவர்களுக்கான தட்டு. பஸ்ஸில் போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம் என்று அகராதியும் கையுமாக அந்தப் புத்தகத்தை வாசித்தார்.

‘நான்’ என்று எழுதாமல் தன்னைத்தானே ஏன் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று கேட்பீர்கள். எங்கள் கத்தோலிக்கப் பங்கு மலர்க் குழுவின் விதி அது. போன வருசம் ஒருவர் ‘நான்’ என்று தொடங்கி ஒரு காதல் கதை எழுதினார். அதில் வந்த மச்சாள் தான்தான் என்று இரண்டு பேர் உரிமை கோரினார்கள். ஒரு குடும்பம் இப்போது ஆங்கிலப் பூசைக்குப் போகிறது.

2.

தொடக்கம் ஒன்று: 1860ஆம் ஆண்டு. யாங்சி ஆற்றின் கரையில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—

(வேண்டாம். கதிரவன் கை வைக்காத ஆற்றங்கரை ஒன்றாவது தமிழில் இருக்கட்டும்.)

தொடக்கம் இரண்டு: அக்காலத்தில் சீனப் பேரரசு ஏன் தள்ளாடியது? காரணங்கள் பன்னிரண்டு. முதலாவது, அபின் வியாபாரம். இரண்டாவது—

(இதை வாசித்துக் காட்டியபோது மனைவி பிரியந்தி இரண்டாவது காரணத்துக்கு முன்பே எழும்பிப்போய் அரிசி கழுவினாள்.)

தொடக்கம் மூன்று: லின் ஒரு நாவிதன். அவனுடைய ஊரில் ஒருவன் உயிரோடு இருப்பதும் இல்லாததும் அவனுடைய தலைமயிரைப் பொறுத்தது.

இது நிற்கட்டும். இது பொய்யும் இல்லை. பேரரசரின் சட்டப்படி ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை போடவேண்டும். போடாதவன் துரோகி. அப்போது தெற்கிலிருந்து ஒரு கிளர்ச்சி எழுந்தது. அரசாங்கப் பரீட்சையில் நாலு தரம் தவறிய ஒருவர் காய்ச்சலில் படுத்தார், கனவு கண்டார், எழும்பித் தான் யேசுநாதரின் தம்பி என்றார். சனம் பின்னால் போனது. அவருடைய ஆட்கள் தலை முழுவதும் மயிர் வளர்த்தார்கள். மழித்தவன் அவர்களுக்குத் துரோகி.

திங்கட்கிழமை ஒரு படை ஊருக்குள் வரும். வியாழக்கிழமை மற்றப் படை வரும். மழிக்க ஐந்து நிமிடம் போதும், வளர்க்க ஆறு மாதம் வேண்டும். லின் யோசித்தான். வெட்டிய மயிரைப் பொறுக்கித் துணியில் வைத்துத் தைத்து மயிர்த்தொப்பி செய்தான். ஊரில் ஆளுக்கொரு தொப்பி. நாய் குரைக்கிற திசையைப் பார்த்துப் போடுவார்கள், கழற்றுவார்கள்.

(அப்படியொரு தொப்பி புத்தகத்தில் இல்லை. அது ஆனந்தராசா தைத்தது.)

* அடிக்குறிப்பு: அந்த வருசம் ஆகஸ்ட் மாதம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஷாங்ஹாய் மதிலில் நின்று, பேரரசரின் நகரத்தைக் கிளர்ச்சிக்காரரிடமிருந்து காத்தார்கள். ஒக்டோபர் மாதம் அதே இரண்டு நாட்டுப் படைகளும் வடக்கே பேரரசரின் கோடை மாளிகையைக் கொள்ளையடித்துக் கொளுத்தின. இரண்டுக்கும் இடைப்பட்ட செப்டெம்பரில் இருதரப்பும் அமைதி காக்கவேண்டுமென்று யாராவது அறிக்கை விட்டார்களா தெரியாது. அந்தத் தாள் கிழிந்திருந்தது.

3.

மலர்க் குழுவின் தலைவர் அருமைராசா. இளைப்பாறிய தபால் அதிபர். மலரில் ஒரு எழுத்து வருவதற்கும் அவருடைய முத்திரை வேண்டும். கோவில் நிலவறையில் கூட்டம். தேத்தண்ணீரைக் கீழே வைக்காமலே தொடங்கினார்.

“ஆனந்தன், எல்லாம் நல்லாயிருக்கு. ஆனால் ஏன் நாவிதன்?”

“அவன்ர தொழில் அண்ணை.”

“முப்பது வருசமா இந்தக் குழுவில ஒருத்தரும் சாதி கதைச்சதில்லை. எல்லாருக்கும் எல்லாற்றையும் தெரியும், ஆனால் கதைக்கிறேல்லை. நீர் என்னத்துக்குக் கிளறுறீர்?”

“அண்ணை, அவன் சீனன்.”

“அவன் சீனன்தான். வாசிக்கிற ஆக்கள் சீனரோ?”

அருமைராசா அண்ணை லின்னை வாத்தியாராக மாற்றச் சொன்னார். வாத்தியார் என்றால் ஒருவருக்கும் மனம் நோகாது. ஆனந்தராசா வீட்டில் இருந்து முயன்று பார்த்தார்:

வாத்தியார் லின் தன் சவரக்கத்தியைத் தீட்டியபடி மாணவர்களைப் பார்த்து—

கிழித்துப் போட்டார்.

அடுத்தது யேசுவின் தம்பி. “இது பங்கு மலர் கண்டீரோ. யேசுவுக்குத் தம்பியோ?”

“அது நான் சொல்லேல்லை. சரித்திரம் சொல்லுது.”

“சரித்திரத்துக்கு நான் இதில பக்கம் ஒதுக்கேல்லை.”

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. தம்பி ஒருமுறை மட்டும் வரலாம். நாவிதன் இருக்கலாம், ஆனால் ‘கைத்தொழில் நிபுணர்’ என்று ஒரு இடத்திலாவது வரவேண்டும். (வந்துவிட்டது.) முக்கியமாக, படைகளுக்குப் பெயர் இருக்கக்கூடாது. ‘ஒரு படை’, ‘மற்றப் படை’ என்று எழுதினால் போதும்.

4.

வாசகரே, சீனாவை ஏன் எடுத்தார் என்று இப்போது விளங்கியிருக்கும். இலங்கையில் நடந்த எங்கள் சண்டையைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு எழுதினால் முதல் வரியிலேயே பாதிப்பேர் எழும்பிப் போவார்கள், இரண்டாம் வரியில் மற்றப் பாதி. நூற்றறுபது வருசத்துக்கு முந்திய சீனாவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லை என்று ஆனந்தராசா கணக்குப் போட்டார்.

கணக்குப் பிழைத்தது. அருமைராசா அண்ணை கதையின் முதற்பாதியைக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டார், அபிப்பிராயம் கேட்டு. அன்று மத்தியானமே சீனா முழுவதும் சொந்தக்காரர் வந்துவிட்டார்கள். ‘ஒரு படை’ என்று சொல்லி எங்கட இயக்கப் பெடியளைக் கொச்சைப்படுத்துகிறார் என்றார் ஒருவர். ‘மற்றப் படை’ என்று ஆமிக்காரருக்கு மரியாதை கொடுத்திருக்கிறார் என்றார் இன்னொருவர். எந்தப் படை எது என்று கேட்டால் இருவருக்கும் இரண்டு பதில். மயிர்த்தொப்பி போட்டுத் தப்பின ஆட்கள் இஞ்சை கோவிலில மூன்றாம் வாங்கில் இருக்கினம் என்று மூன்றாமவர் எழுதினார். மூன்றாம் வாங்கில் இருப்பவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் குழுவை விட்டு விலகினார்கள்.

பிறகு யாரோ ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு வரி போட்டார்: “இந்த லின் எங்கட கிறேஸின்ர தம்பி ஜெராட் எல்லே?”

அதற்குப் பிறகு ஒருவரும் எதுவும் போடவில்லை. ஒரு ஆள் மட்டும் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்.

5.

அப்படி என்னதான் எழுதினார் ஆனந்தராசா? இதுதான்:

*லின் ஒருவரின் தலையில் பாதி மழித்திருந்தான். ஒரு படை கடைக்குள் வந்தது. ‘எழும்பு, வா’ என்றார்கள். ‘ஐயா, மற்றப் பாதியை முடிச்சுப்போட்டு வாறன்’ என்றான் லின். ‘இப்பிடி விட்டால் இந்த மனுசனை இரண்டு படையும் வெட்டும்.’ அவர்கள் பொறுக்கவில்லை, ஆற்றங்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். கத்தி கதிரையில் கிடந்தது. கடை பூட்டாமல் கிடந்தது. பாதித் தலையோடு அந்த மனிதர் வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.*

நாலாவது முறை திருப்பி எழுதும்போது லின் திடீரென்று மன்னார்த் தமிழ் கதைக்கத் தொடங்கினான். அது எப்படி வந்தது என்று ஆனந்தராசா அப்போது யோசிக்கவில்லை. நல்லாய் வந்திருக்கிறது என்று மட்டும் நினைத்தார்.

இந்த இடத்தில் ஆனந்தராசாவைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்கிறேன். குழு மன்னிக்கட்டும். களவெடுத்தவன் தன்னை ‘அவர்’ என்று சொல்லி ஒளிக்கக்கூடாது. நான் களவெடுத்தேன்.

ஆறு வருசத்துக்கு முந்திய ஒரு திருவிழா. நிலவறைச் சமையலறையில் நான் அடிப்பிடித்த கிடாரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிறேஸ் பிரியந்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிறேஸ் எங்கள் பங்கில்தான், ஊர் மன்னார், ஒரு garderie-இல் குழந்தைகளைப் பார்க்கிறவள். அவளுடைய தம்பி ஜெராட் வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அவனைக் கூட்டிப்போக ஆட்கள் வந்தபோது யாரோ ஒரு வயோதிபரின் சைக்கிள் தலைகீழாக நின்றது, சில்லுக் கழற்றியபடி. ‘சில்லைப் பூட்டிப்போட்டு வாறன், அந்த ஐயா எப்பிடி வீட்டை போறது’ என்றானாம். பொறுக்கவில்லையாம். அந்த வருசம் 2009. அதற்குப் பிறகு அவனைக் கண்ட ஒருவரையும் கிறேஸ் காணவில்லை.

கேட்டுக்கொண்டு சுரண்டினேன். மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். கதிரைக்குக் கீழே கிடந்தது புத்தகம் மட்டும்தான். கதை கிடந்தது கிடாரத்துக்குப் பக்கத்தில்.

வெட்கமாக இருக்கிறது. சரி, ஆனந்தராசா திரும்பி வரலாம்.

6.

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினார்.

முடிவு அ: ஆற்றங்கரையில் லின்னைச் சுடுகிறார்கள்.

இதை அருமைராசா அண்ணைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். அவர் பெரிய ஆறுதலோடு மூச்சு விட்டார்.

“நல்லம். அப்ப பெயரைச் சேர்க்கிறன்.”

“என்ன பெயரை?”

வெளியாட்களுக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் மலர் நவம்பரில் வருவது, ஆத்துமாக்கள் மாதம். இருபதாம் பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் வரும். கல்லறைத் திருநாள் பூசையில் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். ஒவ்வொரு வருசமும் அருமைராசா அண்ணை கிறேஸிடம் படிவத்தைக் கொடுப்பார். அவள் தகப்பனின் பெயர், தாயின் பெயர் எழுதுவாள், தம்பியின் பெயரை எழுதாமலே பேனையை மூடுவாள். இந்த வருசம் ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தமையன், பதினாறு வருசம் போய்விட்டது, இனியும் பூசை வைக்காமல் இருப்பது அந்த ஆத்துமாவுக்குச் செய்கிற பாவம் என்று தலைவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். கிறேஸ் மாட்டேன் என்றுவிட்டாள்.

“ரெண்டு பேருக்கும் நடுவில நான் நிக்கிறன்,” என்றார் அருமைராசா அண்ணை. “பட்டியலில ஒரு வரி விட்டு வைச்சிருக்கிறன், அகரவரிசையில. உம்மட கதையில ஆள் செத்தால் சனம் ஏற்றுக்கொள்ளும். கிறேஸும் வாசிச்சிட்டுப் பேசாமல் இருப்பாள். நான் பெயரைப் போடுறன்.”

“அண்ணை, இது கதை. செத்தது லின்.”

“அது எனக்கும் உமக்கும் தெரியும்.”

ஒரு நாட்டு அரசாங்கம் பதினாறு வருசமாகக் கொடுக்காத பதிலை, ஒரு ஆஸ்பத்திரித் தட்டடுக்குகிறவர் சனிக்கிழமை பின்னேரத்துக்குள் கொடுக்கவேண்டும். பக்க அமைப்பு அதுவரைதான் பொறுக்குமாம்.

முடிவு ஆ: லின் தப்பி வெள்ளைக்காரரின் கப்பலில் ஏறுகிறான். பல வருசம் கழித்து மொன்றியலில் சலவைக்கடை திறக்கிறான். கண்ணாடிக் கதவு, பனி, ஒரு மணி. (அருமைராசா அண்ணை: “நம்பேலாது. அகதிக் கேஸ் எப்பிடி அக்செப்ட் ஆனது எண்டு ஒரு வரி போடும்.”)

முடிவு இ: லின்னின் முகத்தில் படையின் பெயரைப் பச்சை குத்துகிறார்கள். அது உண்மையாக நடந்தது, தப்பி ஓடாமல் இருப்பதற்காக. அந்த முகத்தோடு அவன் எந்த ஊருக்குப் போனாலும்—

(இதை எழுதி முடிக்க மனம் வரவில்லை.)

7.

சனிக்கிழமை காலை கிறேஸ் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தை வாசலில் கழற்றி, ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். குசினி மேசையில் இருந்தாள். பிரியந்தி தேத்தண்ணீர் வைத்தாள். ஆனந்தராசாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“நான் சண்டை பிடிக்க வரேல்லை அண்ணை.”

“பிடிக்கலாம் தங்கச்சி. நான் உம்மட்டைக் கேளாமல் எடுத்திட்டன்.”

“எடுத்ததுக்கு ஒண்டுமில்லை. முந்தி ஒருத்தரும் அவனைப் பற்றிக் கதைக்கிறேல்லை. இப்ப எல்லாரும் கதைக்கினம். ஆனால் ஆத்தங்கரையில கொண்டுபோய் விட்டிருக்கிறியள். என்ன செய்யப்போறியள்?”

ஆனந்தராசா முடிவு அ-வை நீட்டினார். அவள் வாசித்தாள். திருப்பி மேசையில் வைத்தாள்.

“இது வந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாரும் வந்து துக்கம் கேட்டு என்ரை கையைப் பிடிப்பினம். பதினாறு வருசமா நான் ஒருத்தருக்கும் கையைக் குடுக்கேல்லை.”

“அப்ப மற்றதைப் போடுவம். மொன்றியலுக்கு வாறான். உயிரோட இருக்கிறான்.”

“அது வேண்டவே வேண்டாம்.” தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தாள். “உயிரோட இருந்து, கடையும் வைச்சிருந்தால், ஏன் எனக்கு ஒரு கோல் எடுக்கேல்லை? பேந்து நான் அவனோட கோவிக்கோணும். எனக்கு அவனோட கோவிக்கேலாது.”

பிரியந்தி அவளுடைய தோளில் கை வைக்கப் போனாள், பிறகு என்னவோ நினைத்துச் சீனிப் போத்தலை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆனந்தராசா ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் அழக் கண்டவர். தன் கதையின் முன்னால் ஒரு ஆள் அழாமல் இருக்கப் பாடுபடுவதை அவர் கண்டதில்லை. அன்று தான் எழுதிய அத்தனை முடிவுகளின் மேலும் அவருக்கு அருவருப்பு வந்தது.

“அப்ப நான் என்ன எழுத, தங்கச்சி?”

கிறேஸ் தேத்தண்ணீரைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள்.

“அண்டைக்கு அவன் மத்தியானம் சாப்பிடேல்லை. சைக்கிளை முடிச்சிட்டு வாறன் எண்டவன். நான் சோத்தை மூடி வைச்சிருந்தனான். அவனைச் சாப்பிட வையுங்கோ.”

இங்கேதான் ஆனந்தராசாவுக்குள் இருந்த சரித்திர ஆசிரியர் எழும்பினார். அந்த மனுசனுக்கு இடம் காலம் தெரியாது. “தங்கச்சி, புத்தகத்தின்ரபடி அந்தக் காலம் அங்கை சரியான பஞ்சம். சனம் மரப்பட்டை அவிச்சுத் திண்டது.”

“மயிர்த்தொப்பி புத்தகத்தில இருந்ததோ?”

“இல்லை.”

“அப்ப சோறும் இருக்கும்.”

பிறகு அவள் சொன்னாள், அவர் எழுதினார். சோறு சுடச்சுட இருக்கவேணும். மீன் இரண்டு துண்டு, பொரித்தது. குழம்பு வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. ஒரு தேங்காய்ப்பால் சொதி. லின்னுக்குச் சொதி யார் வைத்துக் கொடுப்பது என்று ஆனந்தராசா கேட்கவில்லை.

“ஆறுதலாத்தான் சாப்பிடுவான்,” என்றாள் கிறேஸ். “முள்ளு எடுக்கவே அரை மணித்தியாலம். நாங்கள் எல்லாம் கை கழுவி எழும்பிப் போயிடுவம், அவன் தனிய இருந்து எடுத்துக்கொண்டிருப்பான். அம்மா ஏசுவா.”

முதல் தடவையாக அவள் சிரித்தாள். பிரியந்திதான் அழுதாள்.

(இந்தப் பகுதியைக் கிறேஸ் வாசித்துச் சம்மதம் தந்தாள். ஒரு சொல்லை வெட்டினாள். அருமைராசா அண்ணை வாசிக்கமாட்டார் என்று நம்பலாம். அவர் முதற்பக்கத்தையும் பெயர்களையும் மட்டுமே பிழை பார்ப்பார்.)

8.

பின்னேரம் தொலைபேசி.

“என்ன ஆனந்தன், செத்தானோ இல்லையோ?”

“சாப்பிடுறான் அண்ணை.”

“சாப்பிட்டு?”

“சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.”

“இதென்ன விசர்க்கதை. அந்த வரியை நான் என்ன செய்யிறது? வெறுமையா விட்டால் அச்சுப்பிழை எண்டெல்லே சொல்லுவினம்.”

“சொல்லட்டும் அண்ணை.”

அவர் அந்தப் பக்கத்தில் தாள்களைப் புரட்டுவது கேட்டது. பிறகு ‘சரி’ என்றார். எதற்குச் சரி என்றார் என்று இதை எழுதும்போது தெரியாது. அது அச்சாகி வரும்போது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

லின் ஆற்றங்கரையில் குந்தியிருக்கிறான். படைகள் இரண்டும் எங்கேயோ நிற்கின்றன. வெள்ளைக்காரரின் கப்பல்களும் எங்கேயோ நிற்கின்றன. அவன் மடியில் கோப்பை. சோற்றிலிருந்து ஆவி போகிறது. குச்சியால் மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறான். அவசரம் ஒன்றுமில்லை அவனுக்கு.

வாசகரே, நீங்கள் பத்தொன்பதாம் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டீர்கள். தாளைத் திருப்பினால் பெயர்ப்பட்டியல். திருப்புவதும் விடுவதும் உங்கள் கையில். அவன் இன்னும் இரண்டாவது துண்டைத் தொடவில்லை.